பதினான்கு நாள் விருந்தாளிகள்



சில ஆண்டுகளுக்கு முன், சென்னை விமான நிலையத்தின் புறப்பாட்டு வாசலருகே ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய மகள் எங்கள் குழுவோடு ஜப்பான் புறப்படுகிறாள். “தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். எங்க பட்டறையில ஒரு பையன் வெல்டிங் ராடை ஒழுங்காப் பிடிக்கவே மூணு மாசம் ஆகும். பதினாலு நாள்ல ஒரு நாட்டோட பண்பாட்டைப் புள்ளைங்க எப்படிங்க கத்துக்கும்?” என்று கேட்டார். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. “போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இன்று உங்கள் முன் வைப்பது அவருக்கு நான் சொல்லக் கடமைப்பட்டிருந்த பதில்.

நான் சென்னையில் ஜப்பானிய மொழி கற்பிப்பவள். குறுகிய காலப் பரிமாற்றத் திட்டங்களில் மாணவர்களோடு மூன்று முறை ஜப்பான் சென்றிருக்கிறேன். மூன்று முறையும் செண்டாய் நகரத்துக்குத்தான். நாட்டின் வடகிழக்கே தோஹொகு வட்டாரத்தின் பெருநகரம் அது. மூன்று முறையும் ஜூலைக் கடைசியும் ஆகஸ்டு முதல் வாரமும். வியத்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா, ஜெர்மனி மாணவர்களோடு நம் பிள்ளைகளும் இருப்பார்கள். பகலில் ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்பும் பண்பாட்டு நிகழ்ச்சிகளும். இரவில் ஊர்க்காரர் வீடுகளில் தங்கல்.

இப்படிப்பட்ட பயணங்கள் இன்று பெருகிவிட்டதற்கு ஒரு பின்னணி உண்டு. 1983-இல் ஜப்பானியப் பிரதமர் நகசோனேயின் அரசு, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் ஒரு லட்சம் அயல்நாட்டு மாணவரை வரவழைப்பது என்று முடிவெடுத்தது. அப்போது அங்கே படித்தவர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர்தான். 2003-இல் அந்த இலக்கு நிறைவேறியது. 2008-இல் மூன்று லட்சம் என்றார்கள், 2019-இல் அதையும் தாண்டினார்கள். இப்போது 2033-க்குள் நான்கு லட்சம் என்கிறார்கள். பிள்ளைகள் குறைந்து முதியோர் பெருகும் நாடு அது. அயல்நாட்டு இளைஞர்கள் தம்மை ஒருமுறை வந்து பார்க்கவேண்டும் என்பதில் அதற்கு உண்மையான அக்கறை இருக்கிறது. ஆசிய இளைஞர்களைச் சில நாள்களுக்கு அழைக்கும் ஜெனெசிஸ் திட்டம் 2007-இலும், அறிவியல் மாணவர்களுக்கான சகுரா சயின்ஸ் திட்டம் 2014-இலும் தொடங்கின. நம் ஊர்ப் பள்ளி மாணவர்கள்கூட இந்த வழியில் போய் வந்திருக்கிறார்கள். பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் 1930களில் புகைப்படக் கலை படிக்க டோக்கியோ போனபோது அது பெரிய துணிச்சல். இன்று ஒரு விண்ணப்பப் படிவத்தில் முடிகிறது.

செண்டாய்க்குப் போகும் ஒவ்வொரு குழுவையும் முதல் வாரத்தில் ஒரு பழைய வகுப்பறைக்கு அழைத்துப்போவேன். தோஹொகு பல்கலைக்கழக வளாகத்தில், படிப்படியாக உயரும் மர இருக்கைகளோடு அதை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1904-இல் லூ சுன் அங்கே மருத்துவம் படித்தார். பின்னாளில் சீனத்தின் நவீன இலக்கியத்துக்குத் தந்தை என்று போற்றப்பட்ட அவர், அன்று அங்கிருந்த மருத்துவக் கல்லூரிக்கு வந்த முதல் சீன மாணவர். உடற்கூறியல் ஆசிரியர் ஃபுஜினோ கென்குரோ அவருடைய குறிப்பேடுகளைத் தவறாமல் வாங்கி, விட்டுப்போனதைச் சேர்த்து, மொழிப்பிழையைக்கூடச் சிவப்பு மையால் திருத்தித் தருவார். அதைக் கண்டு உடன்படித்தவர்கள் சிலர், தேர்வுக்கு வரும் வினாக்களை ஆசிரியரே சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று பழி கிளப்பினார்கள். லூ சுன் படிப்பை முடிக்காமலே 1906-இல் செண்டாயை விட்டுப் போனார். பிரியும்போது ஃபுஜினோ தந்த புகைப்படத்தின் பின்புறத்தில், பிரிவின் வருத்தம் என்று பொருள்படும் சொல்லை எழுதியிருந்தார். இருபது ஆண்டு கழித்து லூ சுன் அந்த ஆசிரியரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் படம் அப்போதும் அவர் அறைச் சுவரில் தொங்கியது.

என் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஃபுஜினோ அவருக்குக் கிமோனோ உடுத்திப் பார்க்கவில்லை. ஜப்பானிய அழகியலைப் பற்றி விரிவுரையும் நிகழ்த்தவில்லை. அவருடைய வேலையைத் திருத்தினார். திருத்துவதற்கு முதலில் ஒருவருக்கு வேலை கொடுக்கவேண்டும்.

இப்போது ஒரு வழக்கமான நிகழ்ச்சிநிரலைப் பாருங்கள். திங்கள் காலை தேநீர்ச் சடங்கு, ஒன்றரை மணி நேரம். பிற்பகல் தூரிகை எழுத்து. செவ்வாய் யுகாத்தா என்னும் கோடைக் கிமோனோ உடுத்தி நிழற்படம். புதன் காலை தைக்கோ முரசு, மாலை காகித மடிப்பு. வியாழன் கோட்டை. வெள்ளி வாள்வீச்சு. ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை. ஏற்பாட்டாளர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லமாட்டேன். இரண்டு மாதம் தூக்கம் விட்டு அவர்கள் இதைச் செய்கிறார்கள் என்பதை அருகிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் பிள்ளைகளிடம் மூன்றாம் வாரம் கேட்டால் நினைவில் நிற்பது படங்கள்தான். தூரிகையை எந்த விரலுக்கு நடுவே பிடித்தோம் என்று கைக்குத் தெரியாது. நாமக்கல்காரர் கேட்ட வெல்டிங் ராடு இதுதான்.

ஜப்பானியரிடம் ஒரு சொல்வழக்கு இருக்கிறது: “கதாச்சி கரா ஹைரு.” வடிவத்தின் வழியாக உள்ளே நுழைவது என்று பொருள். தேநீரோ, பூ அடுக்குவதோ, வில்வித்தையோ, முதலில் அசைவைக் கற்பிப்பார்கள். எந்தக் கால் முதலில், கை எந்த உயரத்தில், மூச்சு எப்போது. ஏன் என்று கேட்டால் ஆசிரியர் பெரும்பாலும் மறுபடி செய்துகாட்டுவார். பொருள் பிறகு வரும். நமக்கும் இது புதிதல்ல. சரளி வரிசை பாடாமல் கீர்த்தனைக்குப் போனவர் யார்? ஆகவே ஒரு பண்பாடு தன்னைக் கற்பிக்கும் முறையே மறுபடி மறுபடி செய்வது என்றிருக்கும்போது, அதை ஒவ்வொன்றாக ஒருமுறை காட்டி முடிப்பது அந்தப் பண்பாட்டுக்கே பொருந்தாத வழி. இதுதான் நான் இன்று சொல்ல வந்தது. பதினான்கு நாள் குறைவு என்பது என் குறையல்ல. அந்தப் பதினான்கு நாளில் எதையும் இரண்டாம் முறை செய்ய விடுவதில்லையே என்பதுதான் என் குறை.

நல்லவேளையாக, நிகழ்ச்சிநிரல் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. அது தங்கும் வீடு. வீட்டில் எல்லாம் தினமும் நடக்கிறது.

ஜப்பானிய வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் தாழ்வான ஒரு தளம் இருக்கும். கென்கான் என்பார்கள். செருப்பை அங்கே கழற்றி, ஒரு படி மேலே ஏறவேண்டும். செருப்பைக் கழற்றுவதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெர்மானிய மாணவர்களைவிட நம் பிள்ளைகள் இதில் ஒரு படி முன்னே. ஆனால் கழற்றிய செருப்பை முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைக்கவேண்டும் என்பது நமக்கு இல்லாதது. திரும்பிப் போகும்போது கால் நேரே நுழையும். அடுத்து வருபவருக்கும் இடம் இருக்கும். முதல் நாள் வீட்டு அம்மா மண்டியிட்டுத் திருப்பி வைப்பார். மூன்றாம் நாள் பிள்ளை தானே வைப்பாள். பாய் விரித்த அறைக்குள் வீட்டுச் செருப்போடும் போகக்கூடாது, கழிப்பறைக்குத் தனிச் செருப்பு என்பதெல்லாம் ஒரு வாரத்தில் காலுக்குப் பழகிவிடும்.

குளியலறை கொஞ்சம் கடினம். அங்கே தொட்டி குளித்து அழுக்குப் போக்க அல்ல. வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு, சுத்தமான உடம்போடுதான் சுடுநீரில் இறங்கவேண்டும். அந்த ஒரே நீரில் வீடு முழுவதும் ஒருவர்பின் ஒருவராக இறங்கும். விருந்தாளிக்கு முதல் முறை. நாமக்கல் பெண் முதல் நாள் குளித்து முடித்ததும், நல்ல வளர்ப்பில் வந்தவள் அல்லவா, அடைப்பானை இழுத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டியைக் கழுவிவைத்துவிட்டு வந்திருக்கிறாள். தான் குளித்த நீரைப் பிறருக்கு விட்டுவைப்பதா என்று. வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி நீர் நிரப்பிக் காயவைத்திருக்கிறார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். நான்காம் நாள், அந்த வீட்டின் எட்டு வயதுச் சிறுமிதான், “அக்கா, தாத்தா தினமும் நேரம் கழித்துத் தூங்குகிறார்” என்று சொல்லியிருக்கிறாள்.

அன்றிரவு நாமக்கல் பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்து அழுதாள். “டீச்சர், ஏன் அவங்க முதல் நாளே சொல்லல?” ஏனென்றால் நீ விருந்தாளி. விருந்தாளியைத் திருத்துவது அங்கே மரியாதை இல்லை. நம் ஊரில் சம்பந்தி வீட்டார் தப்பு செய்தால் நாம் வாயைத் திறப்போமா? அவளுக்கு நான் சொன்ன யோசனை ஒன்றுதான்: நாளைக்குக் குளியலறை வேலையை உனக்குத் தரும்படி வீட்டு அம்மாவிடம் கேள். மறுநாளிலிருந்து அவள் கடைசியாகக் குளிக்கப் போனாள். அப்போதுதான் தெரிந்தது, கடைசியில் குளிப்பவரும் நீரைத் திறந்துவிடுவதில்லை. தொட்டிக்கு மூடி போட்டுவைத்து, காலையில் சலவை இயந்திரத்தின் குழாயை அதில் விட்டுத் துணி துவைக்க அந்த நீரை எடுக்கிறார்கள். அந்தக் குழாயைப் போடுவது அவள் வேலையாயிற்று. தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தெருவில் வளர்ந்த பெண். அந்த வீட்டை அவள் மதிக்கத் தொடங்கியது அந்தக் குழாயிலிருந்துதான் என்று பின்னால் எழுதியிருந்தாள்.

இதில் இன்னொன்றும் நடந்தது. தேநீர்ச் சடங்கில், கிண்ணம் தன் முன் வந்ததும் குடிப்பதற்குமுன் அடுத்திருப்பவரைப் பார்த்து லேசாகத் தலைவணங்கி “ஒசாகி நி” என்று சொல்லவேண்டும். உங்களுக்கு முன்னதாக எடுத்துக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். வகுப்பில் அதை ஒரு வரியாக எழுதிக்கொண்டார்கள், அவ்வளவே. ஆனால் அதே சொல் குளியலறையிலும் புழங்குகிறது. முன்னே குளித்துவிட்டு வருபவர் வீட்டாரிடம் “ஒசாகி நி” என்பார். அலுவலகத்தில் முதலில் கிளம்புபவரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார். பிறருக்கு முன்னே ஒன்றைப் பெறுவது ஒரு சிறு கடன் என்ற உணர்வு ஒரு சமூகம் முழுவதும் பரவிக்கிடப்பதை, தேநீர் அறையில் மட்டும் கேட்டவர் எப்படி அறிவார்? ஒருநாள் மதியம், பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்த நாமக்கல் பெண், பின்னால் நின்ற தாய்லாந்துப் பெண்ணிடம் தன்னையறியாமல் “ஒசாகி நி” என்றாள். அவளுக்கே வியப்பு. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம் பெற்றோர்கள் விடமாட்டார்கள். சைவ உணவுக்காரப் பிள்ளைகளுக்கு ஜப்பானில் சிக்கல் மேலே தெரியும் மீனில் இல்லை. தாஷி என்னும் அடிச்சாற்றில் இருக்கிறது. நமக்குச் சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்த நீர்போல அவர்களுக்கு எல்லாக் குழம்புக்கும் அது அடிப்படை. உலர்த்திச் சீவிய சூரை மீனிலிருந்து எடுப்பார்கள். வெறும் காய்கறி மிசோ சூப் என்று தரப்படுவதிலும் அது இருக்கும், பரிமாறுபவருக்கே அது மீன் என்று தோன்றாது. ஆனால் கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்தும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானிலிருந்தும் தாஷி எடுக்கும் மரபு ஜென் மடங்களின் சைவச் சமையலில் நெடுங்காலமாக உண்டு. 1908-இல் வேதியியலாளர் இக்கேதா கிகுனாயே உமாமி என்று பெயரிட்ட சுவையைக் கண்டுபிடித்ததும் இந்தக் கொம்புச் சாற்றில்தான். எங்கள் குழுவின் பையன் ஒருவன், முன்னிரவே கொம்புத் துண்டைத் தண்ணீரில் ஊறவைக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டான். அந்த வீட்டுப் பாட்டி, தம் மாமியார் மடத்துச் சமையல் தெரிந்தவர் என்றும், தாம் அதை மறந்து முப்பது ஆண்டாகிறது என்றும் சொல்லி, நினைவுகூர்ந்து ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தார். அங்கே யார் யாருக்குக் கற்பித்தது என்று சொல்வது கடினம்.

மொழியில் நம் பிள்ளைகளுக்கு ஓர் இயல்பான வசதி கிடைக்கிறது. தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலம் வழியாகப் படித்தால் தலைகீழாகத் தோன்றும் வாக்கியம், தமிழ் வழியாகப் படித்தால் நேராக நிற்கும். பேராசிரியர் சுசுமு ஓனோ, யாழ்ப்பாணப் பேராசிரியர்கள் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடு சேர்ந்து உழைத்து, இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டதை நீங்கள் அறிவீர்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நானும் உறவு இருக்கிறது என்று வகுப்பில் சொல்வதில்லை. ஆனால் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் சொல்லும் “இத்தெகிமாஸ்” என்பதை ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். வீட்டிலிருப்பவர் மறுமொழியாகச் சொல்லும் “இத்தெராஷ்ஷாய்” என்பதும் ‘போயிட்டு வா’தான். ‘போகிறேன்’ என்று மட்டும் சொன்னால் நம் பாட்டிமார் எப்படித் துடிப்பார்களோ அதே மனம் அங்கேயும் இருக்கிறது. “இதாடகிமாஸ்” என்று சொல்லிச் சாப்பிடுவதும் அப்படித்தான். அந்த வினைச்சொல்லுக்குத் தலைக்குமேல் உயர்த்திப் பெற்றுக்கொள்வது என்று அடிப்பொருள். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கைக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இனி நான் சொல்லப்போவது, மூன்று பயணங்களிலும் என்னை மிகவும் அசைத்த ஒரு பிற்பகல்.

செண்டாயின் கிழக்கே, கடலோரத்தில் அரஹாமா தொடக்கப்பள்ளி இருக்கிறது. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46-க்கு வந்த 9.0 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஆழிப்பேரலை அந்தப் பள்ளியின் இரண்டாம் தளம்வரை ஏறியது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஊராருமாக 320 பேர் மேல்தளத்துக்கு ஏறி உயிர் பிழைத்தார்கள். எல்லாரும் வெளியேற 27 மணி நேரம் ஆனது. 2017 முதல் அந்தக் கட்டடத்தை, வளைந்த கம்பிகளோடும் உடைந்த சுவர்களோடும் அப்படியே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். சுற்றி ஒரு ஊர் இருந்தது. இப்போது வீடுகளின் அடித்தளங்கள் மட்டும்.

எங்கள் குழுவில் நாகப்பட்டினத்து மீனவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். மொட்டைமாடியில் கடலைப் பார்த்தபடி மற்றவர்கள் பேசிக்கொண்டு நிற்க, இவள் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழிகாட்டியாக வந்த முதியவர் அந்த ஊர்க்காரர். அவரிடம் இவள் கேட்டது: “இந்த ஊர் சனங்க இப்ப எங்க இருக்காங்க?” மொழிபெயர்த்தேன். இங்கே இனி வீடு கட்டக்கூடாது என்று ஆபத்துப் பகுதியாக அறிவித்துவிட்டார்கள், எல்லாரும் உள்நாட்டுப் பக்கம் போய்விட்டோம் என்றார் அவர். “எங்க ஊர்லயும் கடலை விட்டுத் தள்ளித்தான் வீடு குடுத்தாங்க. அப்பா வலையை மட்டும் பழைய இடத்துலயே போட்டு வச்சிருக்கார்” என்றாள். அதை நான் ஜப்பானிய மொழியில் சொல்லி முடிக்கும்போது அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். தாமும் வாரம் ஒருமுறை, வீடு இருந்த இடத்துக்கு வந்து புல் பிடுங்கிவிட்டுப் போவதாகச் சொன்னார். பிறகு இருவரும் ஒன்றும் பேசவில்லை. மொழிபெயர்க்க நானும் தேவைப்படவில்லை.

நிகழ்ச்சிநிரலில் அந்த இடத்துக்கு ஐம்பது நிமிடம். பேருந்து கீழே காத்திருந்தது, அடுத்து யுகாத்தா நிழற்படம். இன்னும் பதினைந்து நிமிடம் வேண்டும் என்று நான் கெஞ்சி வாங்கினேன். ஒரு பதினைந்து நிமிடத்துக்கு அப்படிக் கெஞ்சவேண்டி வந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. பதினான்கு நாள் திட்டத்தில் இதைவிட முக்கியமான வேலை அந்தப் பெண்ணுக்கு என்ன இருந்தது? மறுநாள் புல் பிடுங்க அவளையும் அழைத்துப்போயிருக்கக்கூடாதா?

ஆகஸ்டு 6, 7, 8 மூன்று நாளும் செண்டாயில் தனபாட்டா திருவிழா. ஆண்டுக்கு ஒருமுறை வானாற்றைக் கடந்து சந்திக்கும் இரண்டு விண்மீன்களின் விழா. கடைத்தெருக்களின் கூரைக்குக் கீழே பெரும் மூங்கில்களை நட்டு, கையால் செய்த காகிதச் சரங்களைத் தொங்கவிடுவார்கள். இருபது லட்சம் பேர்வரை வந்து பார்க்கிறார்கள். ஏழு வகை அணிகள் கட்டாயம் இருக்கவேண்டும். கல்விக்கு வேண்டுதல் எழுதும் சீட்டு, நோயைத் தாங்கும் காகித உடை, நீண்ட ஆயுளுக்குக் காகிதக் கொக்கு, சேமிப்புக்குச் சுருக்குப்பை, மீன்வளத்துக்கு வலை, நெசவு நூலைக் குறிக்கும் நீண்ட சரம். ஏழாவது குசுகாகோ. குப்பைக்கூடை என்று பொருள்.

ஒரு கடைக்கார அம்மையார் எங்கள் பிள்ளைகளை மூன்று மாலைகள் தம் கடையின் பின்கட்டில் உட்காரவைத்துக் காகிதம் வெட்டச் சொன்னார். மூன்று மாலை. பட்டியலில் ஒருமுறை என்றுதான் இருந்தது. வேலை முடியவில்லை, மறுபடி வாருங்கள் என்று அவரே அழைத்துவிட்டார். அவருக்கு ஆள் தேவைப்பட்டது. பண்பாட்டு அனுபவம் தரவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. வெட்டியது கோணலாக இருந்தால் வாங்கித் திருத்தினார். முதல் மாலை முடிவில் ஜெர்மானியப் பையன் தரையைப் பெருக்கிக் காகிதத் துணுக்குகளைக் குப்பைத் தொட்டியில் போட்டான். அம்மையார் எழுந்துபோய், தொட்டிக்குள் கைவிட்டு அத்தனையையும் திரும்ப எடுத்தார். மடித்து வெட்டிய ஒரு தாளை மெல்ல இழுத்து விரித்தார். அது வலைப்பின்னல் பையாகத் தொங்கியது. துணுக்குகளை அதில் இட்டார். அவ்வளவுதான். மற்ற ஆறு அணிகளையும் செய்ததில் மிஞ்சியதைச் சுமக்கும் ஏழாவது அணி. வேலை முடிந்த இடத்தின் தூய்மையும் சிக்கனமும் விண்மீன்களின் முன் கொண்டுபோய் வைக்கத் தகுந்தவை என்கிறது அது. அந்தப் பையன் மற்ற இரண்டு மாலையும் குசுகாகோ தவிர வேறெதுவும் செய்யவில்லை. 6-ஆம் தேதி காலை மூங்கில் உயர்ந்தபோது, அவன் அண்ணாந்து பார்த்துத் தேடியது கொக்குகளையும் சரங்களையும் அல்ல.

அதே 6-ஆம் தேதி காலை 8.15-க்கு, நான் தங்கியிருந்த வீட்டுத் தாத்தா தொலைக்காட்சியின் முன் கண்மூடி நின்றார். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த நேரத்தை நினைவூட்டும் மணி ஒலித்தது. 1945-இல் அவர் கைக்குழந்தை. ஒரு நிமிடம் கழித்து “சரி, விழாவுக்குப் போகலாம்” என்றார்.

இந்தத் திட்டங்கள் பிள்ளைகளுக்குக் காட்டாத ஜப்பானும் ஒன்று இருக்கிறது. ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு, வீட்டருகே இருந்த கடையில் தண்ணீர் வாங்கப் போனேன். கல்லாவில் இருந்தவர் நேபாளத்து இளைஞர். மொழிப்பள்ளி மாணவர். அயல்நாட்டு மாணவர்கள் அங்கே வாரத்துக்கு 28 மணி நேரம்வரை வேலை செய்ய அனுமதி வாங்கலாம். கடன் வாங்கி வந்த பலருக்கு அதுதான் சோறு. அரசு கணக்கிடும் அயல்நாட்டு மாணவர்களில் இவரும் ஒருவர். பதினான்கு நாளுக்கு வந்து கிமோனோ உடுத்தி நிற்கும் நம் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. மறுநாள் இரவு நான்கு மாணவர்களை அவரிடம் அழைத்துப்போனேன். வேலை முடிந்து கடைவாசலில் அரைமணி நேரம் பேசினார். எந்தச் சொல்லை எந்த வாடிக்கையாளரிடம் சொன்னால் முகம் மாறும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. செண்டாயில் நாங்கள் கேட்ட நுட்பமான வகுப்புகளில் அதுவும் ஒன்று என்று மனமறிந்து சொல்கிறேன்.

இனி ஏற்பாட்டாளர்களிடம் கேட்க விரும்புவதைச் சொல்கிறேன். “இச்சிகோ இச்சியே” என்ற தொடரை எல்லாத் திட்டங்களின் கையேட்டிலும் அச்சிடுகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறையே நிகழும் சந்திப்பு என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈ நவோசுகே தம் தேநீர் நூலில் எழுதிப் பரவச் செய்தது. அதைக் காட்டி, ஒருமுறை போதும் என்கிறார்கள். ஆனால் அதை எழுதியவர் வாழ்நாள் முழுவதும் தேநீரைப் பயின்றவர். அசைவுகள் கைக்குப் பழகி, அடுத்தது என்ன என்ற பதற்றம் நீங்கியவருக்குத்தான், இந்தக் கூட்டம் இனி ஒருபோதும் கூடாது என்பது நெஞ்சில் உறைக்கும். முதல்முறை உட்காரும் பிள்ளைக்குக் கால் மரத்துப்போவது மட்டுமே உறைக்கும். எங்கள் மூன்றாம் பயணத்தில், முரசையும் வாள்வீச்சையும் விட்டுவிட்டு, இரண்டாம் நாள் நடந்த தேநீர்ச் சடங்கைப் பதின்மூன்றாம் நாள் மறுபடி வைக்கும்படி கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். அதே அறை, அதே ஆசிரியை. இனிப்பு வந்தது, கிண்ணம் வந்தது, “ஒசாகி நி” ஒருவர்பின் ஒருவராக வந்தது. யாரும் கையேட்டைப் பார்க்கவில்லை. வியத்நாம் மாணவன் வெளியே வந்து, கெண்டியில் நீர் கொதிக்கும் ஓசை போனமுறையும் இருந்ததா என்று கேட்டான். இருந்தது.

நாமக்கல்காரரிடம் சொன்னேன்: பண்பாட்டைக் கற்கப் பதினாலு நாள் போதாதுங்க. ஆனா கைக்கு ரெண்டு வேலை பழகும். அது போதும், மத்தது அந்த வேலையைத் தொட்டுக்கிட்டே வரும். அவர் தலையை ஆட்டிவிட்டு, “மூணு மாசம் ராடு பிடிச்ச பையன் அப்புறம் எங்க போனாலும் பொழைச்சுக்கிறான், அது மாதிரி” என்றார். என்னைவிட நன்றாகச் சொன்னார்.

கடைசியாக, நம் கல்லூரிகளிடம் ஒன்று. ஜப்பானிய மாணவர்களும் இங்கே வருகிறார்கள். அவர்களுக்குப் பட்டுச்சேலை கட்டி, மல்லிகை சூட்டி, ஒருநாள் கோலம் போடவைத்துப் படம் எடுத்து அனுப்புகிறோம். செண்டாயில் நான் குறை சொன்ன அதையேதான் செய்கிறோம். கையில் துடைப்பத்தைக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. போன மார்கழியில் ஒசாகாவிலிருந்து வந்த மாணவி எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கினாள். முதல் நாள் காலை என்னோடு நின்று வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, நான்கு புள்ளி வைத்தாள். இழை எல்லாம் தடித்துக் கோணிக்கொண்டது. அழித்துவிட்டு மறுநாள் மறுபடி போடச் சொன்னேன். அவள் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது, ஆனாலும் சொன்னேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மா, “மாவை ரெண்டு விரலுக்கு நடுவுல விடும்மா” என்று தெருவைக் கடந்து வந்து அவள் கையைப் பிடித்துக் காட்டினார். எட்டாம் நாள் விடியற்காலை நான் விழித்தபோது, வாசலில் துடைப்பம் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.